பெட்டியில் வந்த எண்ணெய்

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து பெட்டி வந்தால், அதிலுள்ள ஒவ்வொரு சாமானுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சோப்பு வாசனை எப்படி, பேரீச்சம்பழம் எல்லாருக்கும் பிடித்ததா, வலித்தைலம் முட்டுவலிக்குக் கேட்டதா என்று போனில் விசாரணை நடக்கும். பிடிக்கவில்லை என்று உண்மை சொன்ன ஒரு பெண்ணையும் நான் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை.

என் கணவர் வளைகுடாவில் கார் ஓட்டுகிறார். நான் புதுக்கடை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் விமானம் ஏறியபோது, வீட்டில் நின்ற மோட்டார் சைக்கிளை விற்றுவிடும்படி ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மாதம் விழுந்து எழுந்து ஓட்டப் பழகிக்கொண்டேன். இப்போது காலையில் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது அந்த வண்டியில்தான்.

போன மழைக்காலத்துக்கு முன் வந்த பெட்டியில் இரண்டு டப்பா என்ஜின் ஆயில் இருந்தது. "ஏட்டி, இது இங்க பெரிய பெரிய காருக்கு ஊத்துத சாதனம் கேட்டியா. நம்ம ஊர்ல கிடைக்காது. வண்டிக்கு இதத்தான் ஊத்தணும்" என்று குரல் பதிவும் அனுப்பியிருந்தார். இருந்த இடத்திலிருந்தே வீட்டுக்கு உதவுகிறோம் என்ற நினைப்பில்தான் அவர் அந்த வெயிலைத் தாங்குகிறார். அந்த நினைப்பில் கைவைத்துவிடக் கூடாது என்பது எனக்கு எப்போதும் உள்ள பயம்.

மெக்கானிக்கிடம் டப்பாவை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்தார். "கல்ஃப் சாதனமா டீச்சர்? பின்னெ என்ன கேக்கணும்!" என்று பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினார். என்ன எண்ணெய் என்று அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அங்கிருந்து வந்தது என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது.

பத்து நாள் கழித்து, ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் வண்டி மக்கர் செய்தது. முறுக்க முறுக்க என்ஜின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. மகள் என் இடுப்பைப் பிடித்த பிடியில் அவள் நகம் பதிந்துவிட்டது. வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, மகளை முதலில் இறக்கிவிட்டேன். வெட்கம் என்ன, பயந்துபோனேன்.

வண்டியில் புதிதாக மாறியது எண்ணெய் ஒன்றுதான் என்று அன்று மாலையே என்ஜின் ஆயில் விற்கும் கடைக்குப் போனேன். முதல் கடைக்காரர் நான் வாயைத் திறப்பதற்குள், "ஸ்கூட்டிக்குத்தானே டீச்சர்?" என்று ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார்.

"மோட்டார் சைக்கிளுக்கு."

"ஆருக்க வண்டி?"

"எனக்க வண்டி."

"எல்லாம் ஒண்ணுதான் டீச்சர், எண்ணெய்தானே" என்றார். பரீட்சைத் தாளில் யாராவது இப்படி எழுதியிருந்தால் சுழி போட்டிருப்பேன். கடைக்கு வெளியே வந்துவிட்டேன்.

சந்தைக்குப் போகிற வழியிலுள்ள இரண்டாவது கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வண்டி எது, எத்தனை வருஷமாச்சு, கடைசியாக என்ன ஊற்றினீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். மூன்றாவது கேள்விக்குப் பையிலிருந்த காலி டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் டப்பாவைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்தார்.

"நல்ல எண்ணெய் டீச்சர், குறை சொல்லதுக்கில்ல. ஆனா காருக்குள்ளது. காருக்கு கிளட்ச் தனியா இருக்கும். பைக்குக்க கிளட்ச் எண்ணெய்க்குள்ளயே கிடக்கும். இந்த எண்ணெய்க்க வழுக்கல்ல பிளேட்டு பிடிக்காம நழுவும்" என்றார். பிறகு 10W-30 என்று எழுதிய ஒரு டப்பாவை எடுத்து, பின்பக்கம் பைக்குக்குரிய குறியாக எம்.ஏ. டூ என்றிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஸ்கூட்டருக்கு அதே இடத்தில் எம்.பி. என்றிருக்குமாம். முதல் கடையில் எனக்கு எடுத்து வைத்தது அதுதான்.

எண்ணெயை மாற்றிய பிறகு வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னபடி கேட்டது. தான் அனுப்பிய எண்ணெய் எப்படி என்று கணவர் போனில் கேட்டபோது, "கொள்ளாம், நல்லா ஓடுது" என்றேன். பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை, அவ்வளவு பழக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. மத்தியானம் வீடியோவில் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் நாலு டப்பா வாங்கியிருக்கேன். எனக்க ரூம்காரன்கிட்டயும் சொன்னேன். அவனும் வீட்டுக்கு வாங்கி அனுப்புதான். அவனுக்க பெஞ்சாதி பிள்ளையளும் பைக்கிலதான் போவினும்."

அன்றைய லாரி ஹாரன் மறுபடி காதில் கேட்டது. என் பொய் என் வீட்டோடு நிற்கட்டும் என்று விட்டிருப்பேன், அந்தப் பெண்ணின் தலையில் போய் விடியலாமா? ஏற்றத்தில் நடந்தது, கடைக்காரர் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் சிரிப்பு போய்விட்டது. முதலில் மகளுக்கு ஏதும் ஆகவில்லையே என்று கேட்டார். ரூம்காரனிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். அப்புறம், "அப்போ நான் அனுப்புததுல அங்க என்னதாம் உதவுது?" என்று கேட்டார்.

பொய் சொல்லத் தெம்பில்லை. பிரிக்காத சோப்பும் தைலமும் பீரோ நிறைய இருந்தன. "ஒண்ணும் அனுப்பாண்டாம். நீங்க வந்துருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்த ஆறு வருஷத்தில் அவர் இரண்டு தடவை லீவில் வந்து போயிருக்கிறார். ஒரு தடவைகூட நான் வந்துவிடுங்கள் என்று சொன்னதில்லை. சொன்னால் அவர் மனசு தளர்ந்துவிடும் என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் அது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ ஒருக்காகூடச் சொல்லல்லியே. நான் இல்லாமலே அங்க எல்லாம் நல்லா ஓடுதுண்ணுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.