அக்காவின் நாணல் கட்டுகள்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று பேனாவோடு ஒரு துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன். வந்தது சிரிப்புதான். அதற்கு அக்காவே பொறுப்பு.

அக்கா பிறந்தது கடலூர் முதுநகரில், ரயில்வே குடியிருப்பில். நான் பள்ளியை முடிக்கும் முன்பே அப்பா தவறிவிட்டார். டியூஷன் எடுத்து என்னைப் படிக்க வைத்தவர் அக்கா. பிறகு சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை ஆனார். மாமாவைக் கைப்பிடித்து அங்கேயே குடியேறினார். நாற்பது வயதைத் தாண்டிய பின், 2004இல், பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தார். கடலூர் மாவட்டத்தில் தனித்து வாழும் காட்டுத் தேனீக்களும் குளவிகளும் எங்கெங்கே, எப்படிக் கூடு கட்டுகின்றன என்பதுதான் ஆய்வு.

"தேன் குடுக்குமா?" என்று கேட்காத உறவினர் இல்லை. குடுக்காது. "கொட்டுமா?" சும்மா இருந்தால் கொட்டாது. "அப்புறம் எதுக்குதான் அது?" என்பார்கள். இந்த மூன்றாவது கேள்விக்கு அக்கா அரைமணி நேரம் பதில் சொல்வார். இவற்றுக்கு ராணியும் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஒவ்வொரு தாயும் தனியாக ஒரு துளையைத் தேடிப் பிடித்து, உள்ளே மகரந்த உருண்டையோ மயக்கிய புழுவோ கொண்டுவந்து வைத்து, முட்டையிட்டு, வாசலை இலையாலோ மண்ணாலோ அடைத்துவிட்டுப் போய்விடும். பெண்ணாகும் முட்டைகளை உள்ளேயும் ஆணாகும் முட்டைகளை வாசல் பக்கமும் வைக்கும். இதைக் கேட்ட மாமா, "அங்கயும் ஆம்பளைக்கு வாசப்படிதானா?" என்றார்.

என் திருமணம் திருவந்திபுரம் கோயிலில் நடந்தது. முகூர்த்த நேரத்தில், தாலி முடிச்சுப் போட வேண்டிய நாத்தனாரைக் காணவில்லை. எனக்கு அடுத்து மூன்று மாப்பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். மாமா ஓடிப்போய்ப் பார்த்தால், கெடிலம் கரையில் பட்டுப்புடவையோடு குப்புறப் படுத்து, மணலில் வளை தோண்டும் தேனீக்களை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடும்போது என் காதில், "டேய், பன்னெண்டு வளை இருக்குதுடா" என்றார். என் மனைவி இன்றும் தன் தாலிச் சரட்டில் கெடிலம் மணல் இருப்பதாகச் சொல்வாள்.

ஆய்வுக்காக, உள்ளே ஓட்டையுள்ள நாணல் தட்டைகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் கட்டுகளாகக் கட்டினார். அவற்றை முதுநகரில் எங்கள் வீட்டிலும், சிதம்பரத்தில் தம் வீட்டிலும், பெண்ணாடத்தில் எங்கள் அத்தை வீட்டிலும் தொங்கவிட்டார். எந்தத் தட்டையை எது, எப்போது அடைக்கிறது என்று குறிக்க வேண்டும். கடற்கரை, வயல், கரும்புக் கொல்லை மூன்றையும் ஒப்பிட்டால்தான் ஆய்வு நிற்கும். கரும்புக்கு இருந்த ஒரே இடம் அத்தை வீடு.

2007இல் காணும் பொங்கலன்று நாங்கள் எல்லோரும் பெண்ணாடம் போனோம். அக்கா நேரே கொல்லைப்புறம் போனார். அங்கே புத்தம் புதிய நாணல் கட்டு ஒன்று தொங்கியது.

"பழசு எங்க அத்தை?"

"அதான் ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிட்டு வீணாப் போயிடுச்சே பாப்பா. போகிக்குக் கொளுத்திட்டேன். உனக்குப் புதுசா வெட்டிக் கட்டியிருக்கேன், பாரு."

இரண்டு வருட உழைப்பு. அக்கா கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்து காப்பி கேட்டார். குடித்து முடித்த பிறகு, அடைத்த தட்டைக்குள் என்ன இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். அத்தை, "ஐயையோ, புள்ளைங்கள உள்ள வெச்சு வூட்டக் கொளுத்திட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் அக்காதான் அத்தைக்குச் சமாதானம் சொன்னார். பல்கலைக்கழகத்துக்குக் கால நீட்டிப்புக் கேட்டு எழுதினார். ஒரே ஒரு முறைதான் கொடுப்பார்கள். மறுபடி தவறினால் பட்டம் இல்லை.

அதற்குப் பிறகு அத்தையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தினமும் காலையில் கட்டைப் பார்ப்பார். ஒரு தட்டை அடைபட்டிருந்தால், தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் இலை என்றோ மண் என்றோ எழுதி, நூலால் அந்தத் தட்டையிலேயே கட்டிவிடுவார். தட்டை திறந்து குஞ்சுகள் பறந்த பின் தாளை அவிழ்த்துச் சேர்த்து வைப்பார். "பாப்பா, இன்னைக்கு ரெண்டு. ஒண்ணு எலை, ஒண்ணு மண்ணு" என்று போன் வரும். வீட்டில் மற்றவர்கள் தேதி தெரியாமல் திண்டாடினார்கள்.

2010இல் வாய்மொழித் தேர்வு. வேன் வைத்துக் குடும்பமே போனது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "சிதம்பரத்தில் இருந்துகொண்டு பெண்ணாடத்துத் தட்டைகள் அடைபட்ட நாள்களை எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்கள்? ஊகமா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். அக்கா வாயைத் திறக்கும் முன் பின்வரிசையில் அத்தை எழுந்து மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"ஊகம் இல்லீங்கய்யா. எல்லாத் தாளும் இதுல கீது. தேதி, கெழம, ராகு காலம் மொதக்கொண்டு போட்டுக்கீது, பாத்துக்குங்க."

தேர்வாளர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "ராகு காலத்தோடு களக்குறிப்பு தந்த ஆய்வை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சிரித்து, அத்தையை முன்வரிசைக்கு வரச் சொன்னார். அக்கா முனைவர் ஆனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஆண்டே நோய் வந்தது. கடைசி வாரங்களில் அக்காவின் கட்டிலுக்கு எதிரே ஜன்னல் கம்பியில் ஒரு கட்டைத் தொங்கவிட்டோம். பக்கத்து வீட்டு ரோஜா இலையை வட்டமாக வெட்டிக்கொண்டு வந்த ஒரு தேனீ, ஒரு தட்டையை அடைத்து முடிப்பதை அக்கா முழுதாகப் பார்த்தார். தாளைக் கிழித்து மாமாவிடம் கொடுத்துக் கட்டச் சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அத்தை அந்த நாணல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஊர் போனார். சில நாளில் போன் வந்தது. "தம்பி, பாப்பாவோட தட்டை தொறந்துக்கிச்சுடா. அஞ்சு பறந்துச்சு. தாளு கிழிச்சு வெச்சிக்கிறேன்." அன்றைக்கு மட்டும் துண்டு தேவைப்பட்டது.

நோயில் உடனிருந்த மருத்துவர்கள், செவிலியர்கள், முறைவைத்து வந்த மாணவிகள், ரோஜாச் செடியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத பக்கத்து வீட்டார், ஒரு நாளும் முகம் சுளிக்காத மாமா ஆகியோருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரோடு ஆளுக்கொரு நாணல் கட்டும் தருகிறோம். எல்லாம் அத்தை கைப்படக் கட்டியவை. மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காலண்டர் தாள் கோத்திருக்கிறது. அதன் பின்பக்கம் அத்தை எழுதியிருப்பது இது:

"ஓட்டை அடைச்சிருந்தா கொளுத்தாதீங்க. உள்ள புள்ளைங்க இருக்குது."