லேஸ் கட்டிக்கிட்டே ரெண்டு பாயிண்ட்

இன்னிக்குப் பகாவ் டவுன்ல என் மக தர்ஷினியோட பாஸ்கெட்பால் ஆட்டம். அவ ஸ்கூல் டீமுக்கு அவதான் கேப்டன்.

கடைசி நேரத்துல எதிர் டீம் பிள்ளை ஒருத்தி, ரீபவுண்ட் பிடிக்கத் துள்ளி, அவ டீம் காக்க வேண்டிய கூடையிலேயே பந்தைத் தட்டிவிட்டுட்டா. எங்களுக்கு ரெண்டு பாயிண்ட். அதுலதான் ஜெயிச்சோம்.

அந்த நேரம் தர்ஷினி கோர்ட்டோட அடுத்த கோடியில குனிஞ்சு சப்பாத்து லேஸ் கட்டிக்கிட்டு இருந்தா. ஆனா அந்தப் பாயிண்ட் அவ பேர்ல ஏறியிருக்கு.

ஸ்கோர் எழுதுற டீச்சர்கிட்ட போய்க் கேட்டேன். "இவ பந்தைத் தொடவே இல்லையே டீச்சர்?"

"தெரியும் லா. ஒரு பிள்ளை தெரியாம சொந்தக் கூடையில போட்டுட்டா, கோர்ட்ல நிக்கிற எதிர் டீம் கேப்டன் பேர்லதான் எழுதணும். அதான் ரூல்."

என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர்.

இதைக் கேட்டுட்டுச் சொன்னாரு, "எங்க தோட்டத்துல அடுத்தவன் செஞ்ச தப்பு என் பேர்ல தப்பாத்தான் ஏறுது. இங்க பாயிண்ட்டா ஏறுது."

இப்ப தர்ஷினி அந்த ரெண்டு பாயிண்ட்டுக்குத் தின்ன ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் கேக்குறா.

வாங்கிக் கொடுக்கலாம். ஆனா பந்தைப் போட்டது அந்த எதிர் டீம் பிள்ளையாச்சே. அவ எந்த ஸ்கூல் பஸ்ல ஏறுனான்னு யாராவது பார்த்தீங்களா?