சனூஸாவின் படிக்கட்டு

திருகோணமலைத் துறைமுகத்தில் எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து நங்கூரம் போட்டிருக்கின்றன. அந்தக் கப்பல்களின் கப்டன்மார் அத்தனை பேரும் பீரங்கியோடு திரண்டு வந்தாலும், கிண்ணியாவில் சனூஸாவின் படிக்கட்டில் ஒரு படி ஏற முடியாது. சனூஸா வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், கடல் வற்றி அவர்கள் ஊருக்கு நடந்தே திரும்ப வேண்டியதுதான். இதில் மிகை எதுவும் இல்லை. இதை எழுதுவது அவருடைய மகள் நப்லா. அவள் வெள்ளிக்கிழமைகளில் பொய் சொல்வதில்லை.

அது சனூஸாவின் சீதன வீடு. கிண்ணியாவில் பெண்ணுக்கு வீட்டை உறுதி எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடு வந்து குடியேறுவார். நப்லாவின் வாப்பா இஹ்ஸானும் அப்படித்தான் வந்தார். பிறகு கத்தாருக்குப் போய்ப் பதினொரு வருடம் உழைத்தார். அவர் அனுப்பிய காசில் வீட்டின் மேல் ஒரு மாடி எழும்பியது.

மேசன் படியை வெளியே வைக்கலாம் என்றார். இஹ்ஸான் தொலைபேசியில் துள்ளிக் குதித்தார். “வெளிய வைச்சாக் கண்டவனும் ஏறுவான். கூடத்துக்குள்ளால வைங்க. சனூஸாக்குத் தெரியாம ஒரு பூனையும் மேல போகப்படாது!”

படி கூடத்துக்குள் வந்தது. அதன் அடியில் ஒரு கதவும் பூட்டும் வந்தன.

போன வருடம் விவாகரத்து முடிந்தது. ஏன் என்று சனூஸா யாருக்கும் சொல்வதில்லை, நப்லாவும் எழுதப்போவதில்லை. ஆனால் மாடியின் கதை முடியவில்லை. வீட்டை விற்றுப் பாதி தரவேண்டும், இல்லாவிட்டால் மாடியைத் தரவேண்டும், வாடகைக்கு விடுவேன் என்று இஹ்ஸான், பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்குப் போனார். விற்றால் தாய்க்கும் மகளுக்கும் ஒதுங்க இடமில்லை. மாடியைக் கொடுத்தால் யாரோ ஒருவர் காலையும் மாலையும் அவர்களுடைய கூடத்துக்குள்ளால் நடந்து திரிவார்.

சனிக்கிழமை ஒரு பாடசாலை வகுப்பறையில் சபை கூடியது. இருந்தவை சின்னப் பிள்ளைகளின் கதிரைகள். இஹ்ஸானின் முழங்கால் அவருடைய தாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு பை நிறையச் சீமெந்துப் பற்றுச்சீட்டுகளை மேசையில் கொட்டினார்.

“மாடி முழுக்க என்ட வேர்வை, ஹாஜியார்.”

சபையை நடத்திய ஸைனுலாப்தீன் ஹாஜியார் சனூஸாவைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க, மகள்?”

“அவர்ட வேர்வை கத்தார்ல காஞ்சிட்டு. கொங்கிறீட் போட்ட பிறகு இருபத்தொரு நாள், காலையும் பின்னேரமும் வாளியில தண்ணி சுமந்து ஊத்தினது ஆரு? மேசன்மாருக்கு மூணு நேரமும் ஆக்கிப் போட்டது ஆரு? அதுக்கெல்லாம் ஆரும் சீட்டுத் தரல்ல.”

“அப்ப மாடி உங்கடயா?”

“அவருக்கு வேணுமெண்டா எடுக்கட்டும். ஆனா என்ட கூடத்தால ஏற ஏலாது.”

வெளியே புதுப்படி கட்டலாமே என்றார் ஹாஜியார். சனூஸா வீட்டு உறுதிப் பத்திரத்தை விரித்தார். சுற்றியுள்ள வளவும் வேலி வரைக்கும் அவருடையதுதான். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நப்லாவுக்குப் பட்டது.

“அப்ப நான் ஏணி வைச்சு ஏறுவன்!” என்றார் இஹ்ஸான்.

“தாராளமா ஏறுங்க.”

மனுஷன் உண்மையாகவே ஏணியோடு வந்தார். அடுத்த ஞாயிறு, மாடியைப் பார்க்க தனஞ்சயன் என்ற காப்புறுதி உத்தியோகத்தர் வருவதாக ஏற்பாடு. வாடகைக்கு வரப்போகிறவர் அவர்தான். அதற்கு முன் கூட்டித் துடைத்து வைக்க, காலை ஒன்பது மணிக்கே பின்பக்கத்தால் பல்கனிக்கு ஏறினார் இஹ்ஸான். சனூஸா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவே இல்லை.

கூட்டி முடித்து எட்டிப் பார்த்தால் ஏணியைக் காணோம். அன்றைக்குப் பலமான காற்று. காற்றுத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

அவர் கூப்பிடவில்லை. ரோசக்காரர். பதினொரு மணி வெயில் கொங்கிறீட்டைச் சுட்டது. சபையின் சார்பில் ஹாஜியார் இடம் பார்க்க வந்தார், தனஞ்சயனும் வந்தார். இரண்டு பேரும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

“ஐயா, எப்பிடி மேல வாறது?” என்றார் தனஞ்சயன்.

இஹ்ஸான் உள்ளே போய்ப் படியால் இறங்கி, அடிக் கதவை மெதுவாகத் தட்டினார்.

“சனூஸா... கூடத்தால வரலாமா?”

“ஆர்ட கூடம்?”

கதவுக்குப் பின்னால் இரண்டு படி ஏறி, திரும்ப இறங்கும் சத்தம் கேட்டது.

“உங்கட கூடம்.”

சனூஸா பூட்டைத் திறந்து ஒதுங்கி நின்றார். “கேட்டா விடுவன். கேக்காம ஆரும் இதால போக ஏலாது. நீங்களும்தான், உங்கட வாடகைக்கு வாற ஆளும்தான்.”

தனஞ்சயன் குடையை விரித்தார். “ஒவ்வொரு நாளும் அனுமதி கேட்டு வேலைக்குப் போக எனக்கு ஏலாது ஐயா. நான் பாலையூற்றுப் பக்கம் வீடு பாக்கிறன்.”

அடுத்த சனிக்கிழமை, மாடியில் உரிமை கோரமாட்டேன் என்று இஹ்ஸான் கையெழுத்து வைத்தார். மோட்டார் சைக்கிளையும் பெரிய குளிர்சாதனப் பெட்டியையும் சனூஸா அவர் பெயரில் எழுதிவிட்டார். இஹ்ஸான் அதைக் கேட்கவில்லை. “நான் பறிக்கிற ஆள் இல்ல. என்னட்டப் பறிக்க விடுற ஆளும் இல்ல” என்றார் சனூஸா.

இதுவரை எழுதிய கொப்பியை நப்லா சனூஸாவிடம் கொடுத்தாள். அவர் அடுப்படியில் நின்றபடியே கடைசிவரை வாசித்தார். கப்டன்மாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓர் இடத்தில் மட்டும் விரலை வைத்தார்.

“காத்து கொண்டுபோனதா?”

“ஓம் உம்மா. சரியான காத்து.”

“ஏணியத் தூக்கிட்டுப் போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால படுக்க வைச்சு, மேல பாயும் போர்த்திட்டுப் போன காத்து?”

நப்லா கூரையைப் பார்த்தாள்.

“அது கிடக்கட்டும்,” என்றார் சனூஸா கொப்பியை மூடி. “பல்கனியில வாப்பா வெயிலுக்க நிக்கக்குள்ள, கொடிக்கயித்துல தண்ணிப் போத்தலைக் கட்டி மேல அனுப்பினதும் அந்தக் காத்துத்தானா? அத ஏன் எழுதல்ல?”