தலையணையோடு வந்த லாரி

லாரி வந்து நின்றால் வேம்புலியம்மாள் லாரியைப் பார்ப்பதில்லை. டிரைவர் இறங்குகிற விதத்தைத்தான் பார்ப்பார். படியில் கால் வைத்ததும் ஒரு கை தானாக இடுப்புக்குப் போனால், "சீட்டு செத்துப்போச்சு, கயட்டு" என்று ஸ்பேனரை எடுத்துவிடுவார். குசலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான்.

பாடி மேம்பாலத்தை ஒட்டிய சந்தில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் அவருடைய லாரி சீட்டு ரிப்பேர் கடை. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, வயது ஐம்பத்திரண்டு, எங்களுக்கெல்லாம் அக்கா. அம்பத்தூரில் வண்டி இருக்கை செய்யும் கம்பெனியில் பதினாறு வருஷம் இருக்கைகளைக் குலுக்கிச் சோதிக்கிற வேலை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. யார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாலும் இரண்டு தரம் எம்பிப் பார்ப்பார். என் வீட்டு சோபாவைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடையில் ஓர் எடை மெஷின் உண்டு. டிரைவர் சாப்பிட்டுவிட்டு வந்துதான் அதில் ஏறவேண்டும். இருக்கைக்கு அடியில், ஆளின் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங்கை இறுக்க ஒரு திருகு இருக்கிறது. "வெறும் வயித்துல திருகி உட்டா, துன்னுட்டு ஏறுனதும் கீய இடிக்கும்" என்பார். பிரியாணிக்கு அரைச் சுற்று கூடுதல் என்பது அவருடைய கணக்கு.

திருவேங்கடம் வந்தது போன மாதம். அயனம்பாக்கத்துக்காரர், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். முதுகு இன்னும் இப்படியே குலுங்கினால் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபது வருஷமாக வேறு தொழில் தெரியாத மனுஷர், பாவம். மனைவி சாமுண்டீஸ்வரி பூப்போட்ட உறையோடு வீட்டுத் தலையணையையே கொடுத்தனுப்பியிருந்தார். திருவேங்கடம் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, இறுக்கினால் பலம் என்று நினைத்து, திருகைக் கடைசிவரை இறுக்கியும் வைத்திருந்தார்.

"இன்னா நைனா, ஸ்பிரிங்க கட்டையாக்கி வச்சிகினு மேல தலகாணி போட்டா ஆச்சா?" என்ற அக்கா, எண்ணெய் ஒழுகிக் கிடந்த ஷாக் அப்சார்பரைக் கழற்றிக் காட்டினார். "ஸ்பிரிங்கு தூக்கும். இதான் அத்த அடக்கும். இது போயி ஆறு மாசமாச்சு."

புது ஷாக் அப்சார்பர் போட்டு, திருகை இரண்டு தரம் மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு தரமும் திருவேங்கடம், "நல்லா கீதுக்கா" என்றார். அக்கா நம்பவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் வெறும் பலகையில் உட்கார்ந்து, வேகத்தடை வரும்போது அவரையே பார்ப்பதுதான் அக்காவின் சோதனை. நொந்த முதுகு தடைக்கு முன்னாலேயே பயந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆளை ஓர் அங்குலம் தூக்கிவிடும். "வாய் எனக்காவ சொல்லும் நைனா. இடுப்பு பொய் சொல்லாது."

மூன்றாம் தரம் நானும் ஏறிக்கொண்டேன். தலையணை இப்போது இருக்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. "இருக்கட்டும்க்கா, எதுக்கும்" என்றார் திருவேங்கடம். பிறகு மெதுவாக, "இதுவும் ஒத்துவர்லன்னா சாவிய ஓனராண்ட குடுத்துடுவேன்" என்றார்.

ஏரியோரச் சாலையில் முதல் வேகத்தடை. எம்பினார். இரண்டாவதிலும் எம்பினார். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, குனிந்து, திருகைக் கால் சுற்று தளர்த்தினார். வண்டி கிளம்பியதும், "நேத்து ஊட்ல இன்னா கொயம்பு?" என்று கேட்டார்.

திருவேங்கடம் கருவாட்டுக் குழம்பில் உப்பு கூடிப்போன கதையை ஆரம்பித்தார். சாமுண்டீஸ்வரி அதை ஒத்துக்கொள்ளாத இடத்தில் மூன்றாவது தடை வந்தது. லாரி ஏறி இறங்கியது. என் தலை கூரையில் முட்டியது. பின்னால் தண்ணீர் தளும்பிய சத்தம் கேட்டது. திருவேங்கடம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கையை ஆட்டி ஆட்டிக் கதையைத் தொடர்ந்தார். தான் எம்பவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தலையும் வலித்தது, கண்ணும் கலங்கியது.

அக்கா கையை நீட்டித் தலையணையை எடுத்தார். இரண்டு தட்டு தட்டி, பலகைமேல் தனக்கு அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.