ஒடிந்த முனையும் ஒரு துப்பட்டாவும்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். என் கைப்பையில், பழைய துண்டில் சுற்றி, நானே செய்த ஒரு கத்தி இருந்தது.

கத்தியா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்பதுதான். நான் ஒரு நூல் மில்லில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொரோனாவில் வீட்டோடு அடைந்து கிடந்தபோது யூடியூபில் கத்தி செய்யும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் பைத்தியம் அப்படியே பிடித்துக்கொண்டது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கி, அறுத்து, தேய்த்து, மொட்டைமாடியில் நானே கட்டிய சின்ன அடுப்பில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவேன். அப்புறம் கேக் செய்யும் 'அவன்' அடுப்பில் மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்துவேன். "கேக்குக்குன்னு வாங்குன அவன்ல இவ இரும்பச் சுடுதா" என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அன்றைக்குக் கொண்டுபோன கத்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தம்பிக்கு. அன்று சாயந்தரம் நண்பர்களோடு மதுரை பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து மூணாறு பக்கம் டென்ட் அடித்துத் தங்கப் போகிறான். விறகு சீவ, கயிறு அறுக்க, காய் நறுக்க எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி, புளியமரத்தில் பிடி போட்டு, முனையை ஊசி மாதிரி எடுத்திருந்தேன். அதுவரை நான் செய்ததிலேயே அழகான கத்தி அதுதான். போட்டோ அனுப்பியதும், "எக்கா, இத எப்பக் கொண்டு வார?" என்று உடனே போன் அடித்துவிட்டான்.

ஊருக்குள் நுழைய இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு பைக். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த பெண்ணின் துப்பட்டா காற்றில் பறந்துகொண்டே போனது. ஹாரன் அடித்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் துணி சக்கரத்துக்குள் போய்விட்டது. அவள் தலை சடக்கென்று பின்னால் இழுபட்டது. வண்டி தள்ளாடிப் போய் ரோட்டோர மண்ணில் சரிந்தது.

ஸ்கூட்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன். துப்பட்டா அவள் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனை பின்சக்கரத்திலும் செயினிலும் முறுக்கிக்கொண்டு கிடந்தது. வண்டியை ஓட்டிவந்த அவள் புருஷன் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றப் பார்த்தான். அது அசையவில்லை. வண்டியில் போன நாலைந்து பேர் இறங்கி வந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இழுக்க இழுக்கக் கழுத்துதான் இறுகியது. அவள் கண் பிதுங்க, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"கத்தி! யார்ட்டயாச்சும் கத்தி இருக்கா? பிளேடு இருக்கா?" என்று அவள் புருஷன் அலறினான்.

"என்கிட்ட இருக்கு!"

என் குரல்தான். எனக்கே யாரோ கத்தியது மாதிரி இருந்தது. சேலை கட்டிய ஒருத்தி கைப்பையிலிருந்து அம்மாம்பெரிய கத்தியை உருவியதும், குனிந்து நின்றவர்கள் இரண்டடி பின்னால் போய்விட்டார்கள்.

கழுத்துப் பக்கம் விரல் நுழையக்கூட இடம் இல்லை. அங்கே கத்தியை வைக்க முடியாது. நான் ஆசை ஆசையாக எடுத்த அந்த ஊசி முனையை முதல்முறையாகப் பார்த்துப் பயந்தேன். அப்போதுதான், அவள் தோளுக்கும் சக்கரத்துக்கும் நடுவே துணி கம்பி மாதிரி விறைத்து நின்ற இடம் கண்ணில் பட்டது. "அசையாத தாயி, அசையாத" என்று சொல்லிக்கொண்டே, வெட்டும் பக்கத்தை அவளுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, ஒரே இழுப்பு. டப்பென்று அறுந்தது. அவள் அப்படியே புருஷன் மடியில் சாய்ந்தாள். கழுத்தில் இருந்ததை அவன் உருவி எடுத்தான். ஒரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு இருமினாள். அந்த இருமலைக் கேட்டு நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சந்தோஷமா பயமா, எனக்கே தெரியவில்லை.

அதோடு நான் கத்தியை உள்ளே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. உடம்பெல்லாம் பரபரப்பு. அவளை டாக்டரிடம் கொண்டுபோக வண்டி உருள வேண்டுமே என்று, சக்கரத்தில் சிக்கியிருந்த துணிக்குள் முனையைச் செருகி நெம்பினேன். "கத்தியால எதையும் நெம்பக்கூடாது" என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான்! டிக் என்று ஒரு சத்தம். முனை ஒடிந்து, கத்தி மொட்டையாக என் கையில் நின்றது.

அந்தப் பெண்ணை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவள் புருஷன் ஒருவழியாகத் துணியைப் பிய்த்துவிட்டுப் பின்னாலேயே வந்து சேர்ந்தான். பயப்பட ஒன்றுமில்லை, தொண்டை கொஞ்ச நாள் கரகரப்பாக இருக்கும் என்றார் டாக்டர். வெளியே வந்து நான் பையிலிருந்து கத்தியை எடுத்துப் பார்த்தபோதுதான் அவன் அதைக் கவனித்தான்.

"ஐயோ, இது ஒடிஞ்சு போச்சேக்கா!"

"எந்தம்பிக்குக் கொண்டுபோனது. இன்னிக்குச் சாயந்தரம் அவன் ஊருக்குப் போறான். பரவால்ல, விடுங்க."

"எப்பிடிக்கா விடுறது? நமக்குக் கிரில் பட்டறைதான். கிரைண்டர் இருக்கு. வாங்க."

நேராக அவர்கள் பட்டறைக்குப் போனோம். சோழபுரத்தில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் இப்படி ஆகிவிட்டது என்று வழியில் கரகரத்த குரலில் அவள் சொன்னாள். பட்டறையைத் திறந்து கிரைண்டரைப் போட்டவன், கத்தியைக் கையில் வாங்கினான். சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பக்கம் போக அவனால் முடியவில்லை. கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

அதனால் வேலை என் கைக்கு வந்தது. கத்தியின் முதுகுப் பக்கத்தைச் சாய்வாகத் தேய்த்துக்கொண்டே வந்து, வெட்டும் பக்கத்தோடு சேர்த்துப் புது முனை எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் வீட்டு மிஷின் மெதுவாகச் சுற்றும். இது பேய் வேகம். சக்கரத்தில் வைத்த மாத்திரத்தில் பொறி பறந்தது, எடுத்துப் பார்த்தால் நுனி நீலமாகிவிட்டது. சூடு ஏறினால் பதம் போய்விடும், அப்புறம் கூர் நிற்காது. அந்த நீலம் மொத்தத்தையும் தேய்த்து எடுத்தால் கத்தி இன்னும் குட்டையாகிவிடும். வேறு வழியும் இல்லை.

படுத்திருக்கச் சொல்லியும் கேட்காமல் அந்தப் பெண் எழுந்து வந்தாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். ஒரு வாளித் தண்ணீரை என் காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"நீங்க தேய்ங்கக்கா. நெறம் மாறுதான்னு நான் பாக்கேன்."

லேசாக ஒரு தொடல், உடனே தண்ணீர். மறுபடி ஒரு தொடல், மறுபடி தண்ணீர். நான் செத்த நேரம் அசந்தாலும், "முக்குங்க, முக்குங்க!" என்று அந்தக் கரகரக் குரல் அதட்டும். நீலம் கரைந்து கரைந்து மறைந்தது. பழைய ஊசி முனை எனக்கு இப்போது பிடிக்கவில்லை. கொஞ்சம் தடிமன் விட்டு, சற்றே வளைவாக எடுத்தேன். பிறகு உப்புத்தாள், சாணைக்கல், கடைசித் தீட்டலுக்கு அவள் புருஷனின் தோல் பெல்ட். அதற்குள் அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, பெல்ட்டின் ஒரு முனையை இழுத்துப் பிடித்தான்.

"கூர் வந்துட்டான்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். பேப்பர் இருந்தால் கொடு என்றேன். அவள் பேப்பர் தேடவில்லை. தன் பையிலிருந்து அந்தக் கிழிந்த துப்பட்டாவை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து என் முன்னால் பிடித்தாள். கத்தியை வைத்து இழுத்தேன். சத்தமே இல்லாமல் துணி இரண்டாகப் பிரிந்தது. மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கைதட்டினோம்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் என் தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் போனில் அனுப்பிய வழியைப் பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்தான். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னக்கா, போட்டோவுல பாத்ததுக்குக் குட்டையா இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என் கழுத்துக்காகக் குட்டையாயிருச்சு தம்பி."

அவன் அவள் கழுத்தைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பஸ்ஸுக்கு நேரமாகியும், நடந்ததை முழுக்கக் கேட்காமல் அவன் நகரவில்லை.

இன்றும் கத்தி செய்கிறேன். அழகு பார்ப்பதும் போட்டோ எடுப்பதும் குறையவில்லை. ஆனால், யார் கை எந்த அவசரத்தில் இதை எடுக்குமோ, இது யார் கழுத்துக்குப் பக்கத்தில் போக நேருமோ என்று ஒரு தடவை நினைத்துப் பார்க்காமல் எந்தக் கத்தியின் முனையையும் நான் முடிப்பதில்லை.