அண்ணன் படத்தில் என் கண்

லுணுகலைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்தது எண்பதுகளின் நடுவில், மார்கழி மழையில். அண்ணன் வவுனியாப் பக்கம் பண்ணை வேலைக்குப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. கூட வேலை செய்தவர் எழுதியிருந்தார்: மண்ணெண்ணெய் வாங்கப் போன இடத்தில் சண்டை, சூடு பட்டுவிட்டது, அங்கேயே அடக்கம் செய்தோம். யார் சுட்டது என்று இல்லை. வயது இருபத்து மூன்று என்று மட்டும் எழுதியிருந்தார், எங்களுக்குத் தெரியாததுபோல.

அம்மா அழவில்லை. "மூஞ்சியப் பாக்காம எப்புடி ஒப்பாரி வைக்கிறது?" என்றாள். தப்படிக்க விடவில்லை. மறுநாள் விடியலில் பெரட்டுக்களத்துக்குப் போய், வேலைக்குப் பேர் கொடுத்து, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலையேறினாள். லயத்தில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள்.

அப்பாவுக்குக் கருமாதி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் மகன் நடுவழியில் நிற்பான் என்று நம்பினார்.

"படத்தையாவது வச்சு செஞ்சிருவோம் புள்ள."

"படத்தக் கொண்டாங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

இருந்தது ஒரே படம். இந்தியா போக எழுதிக் கொடுத்த காலத்தில் பதுளை ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம். இந்தியாவுக்கும் போகவில்லை. ஸ்டூடியோவில் எல்லாருக்கும் மாட்டிவிடும் அதே கறுப்புக் கோட்டில் பதினேழு வயது அண்ணன். வெளிச்சம் அடித்த நொடியில் கண்ணை மூடிவிட்டிருந்தான்.

அவனை மட்டும் பெரிதாக்கி வாங்க அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். அதே ஸ்டூடியோ, அதே சோனக முதலாளி; நானா என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மையத்தையுமா நிக்க வச்சு எடுத்தீங்க?" மையத்து என்றால் அவர் பேச்சில் பிணம்.

"உசுரோட இருந்தப்ப எடுத்ததுங்க நானா. எடுத்ததே நீங்கதான்."

அவர் படத்தைத் திருப்பித் தன் கடை முத்திரையைப் பார்த்தார். பிறகு, "கண்ணத் தொறந்து தாறன். மையத்துப் படம் எல்லாத்துக்கும் நான்தானே தொறக்குறது. மகன்ட கண்ணு எப்புடி?" என்றார்.

அப்பா விரலால் காற்றில் என்னவோ வரைந்தார். வரவில்லை. கடைசியில் என்னைக் காட்டினார். "இவ கண்ணேதான்."

இல்லை. அண்ணனுக்கு இடது கண் கொஞ்சம் சின்னது, சிரித்தால் அது முதலில் மூடிக்கொள்ளும். சொல்லியிருக்கலாம். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை.

மறு வாரம் ஸ்டூடியோவில், பெரிதாக்கிய படத்துக்கு எதிரே முதலாளி என்னை உட்கார வைத்தார். "தங்கச்சி, கண்ணச் சிமிட்டாம பாருங்க. அழவும் வேணாம், கண்ணு செவந்துரும்." மெல்லிய தூரிகை. என்னை ஒரு பார்வை, அண்ணனில் ஒரு புள்ளி. என் கண் அவன் முகத்தில் முளைப்பதை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்துக் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"இது அவன் இல்ல."

"ஏம்புள்ள இப்புடி..."

"கண்ணு இவளோடது. இது யாரோ, கோட்டுப் போட்ட தொர. போடுங்க மாலைய. நல்லாப் போடுங்க."

கருமாதி நடந்தது. தப்பு அடித்தார்கள். வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழ, அம்மா நடுவில் உட்கார்ந்து அவர்களுக்குத் தேத்தண்ணி போதுமா என்று விசாரித்தாள். அப்பா நிம்மதியானார். பழைய குடும்பப் படத்தை அம்மா சேலைகளுக்கு அடியில் வைத்து டிரங்குப் பெட்டியைப் பூட்டினாள்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சுவரில் அண்ணன் என் இருபது வயதுக் கண்ணால் பார்க்கிறான். அந்தக் கண்ணுக்கு மாலை மாற்றுகிறேன், என் கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. அம்மா போன பிறகு பெட்டியைத் திறந்தேன். கறுப்புக் கோட்டுக்குள் அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே, சேலைகளுக்கு அடியிலேயே வைத்தேன். அந்தப் படத்துக்கு இன்றுவரை யாரும் மாலை போட்டதில்லை.