எங்கள் லயம் இந்தப் படத்தில் எங்கே?

நான்கு வருடங்களுக்கு முன், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. இடம், மஸ்கெலியா போகும் பாதையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டம். பெயரை விட்டுவிடுகிறேன். அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் படித்ததுமே தெரிந்துவிடும்.

எனக்குச் சொந்த ஊர் தலவாக்கலை டவுன். சுகாதார அலுவலகம் ஒன்றில் தகவல் பிரிவில் வேலை. யாருக்கு என்ன நோய், எந்த ஊர், எத்தனை வயது என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் தாள்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவதுதான் என் தொழில். அந்த வருடம் கண்டியில் மூன்று மாதப் பயிற்சி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். நோய் விவரங்களை வரைபடத்தில் போட்டுக் காட்டுவதற்கான பயிற்சி. திரும்பி வந்தபோது எனக்கு ஏகப்பட்ட பெருமை. அலுவலகத்தில் வேறு யாருக்கும் அந்த வித்தை தெரியாது.

வந்த கையோடு ஒரு வேலையும் கிடைத்தது. அந்தத் தோட்டத்தில் மஞ்சள் காமாலை பரவிக்கொண்டிருந்தது. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். தோட்டத்தை வரைபடத்தில் போட்டேன். நோயாளி ஒவ்வொருவரும் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிகள் எல்லாம் தோட்டத்தின் மேல் டிவிசனில், ஃபெக்டரிக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் விழுந்தன. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு எங்கள் டொக்டரிடம் காட்டினேன். அவர் சிங்களவர், அந்த வட்டாரத்துச் சுகாதார வேலைகளுக்கெல்லாம் பொறுப்பானவர். "ஹொந்தய்" என்று பாராட்டிவிட்டு, மேல் டிவிசன் தண்ணீர்த் தாங்கியைக் கழுவிக் குளோரின் போட ஆள் அனுப்பினார்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் நோய் நிற்கவில்லை. புதுப் புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அப்படியானால் சனங்களின் பழக்கத்தில்தான் பிழை இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தோட்டத்துப் பெண்களைக் கூட்டி விளக்கம் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். வரைபடத்துக்கு அடுத்த படமாக, 'கை கழுவும் பழக்கம் போதாது, தண்ணீர் கொதிக்க வைப்பதில்லை' என்று பெரிய எழுத்தில் எழுதிச் சேர்த்தேன். யாரையும் கேட்டு எழுதியதல்ல. என் மனதில் இருந்ததை எழுதினேன்.

கூட்டம் பிள்ளை மடுவத்தில் நடந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் காப்பகம் அது. பின்னேரம் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, நனைந்த சேலையோடு இருபது பெண்கள் போல வந்து தரையில் உட்கார்ந்தார்கள். நான் சுவரில் படத்தைக் காட்டி, சிவப்பு வட்டத்தைப் பற்றி நீட்டி முழக்கினேன்.

முன்வரிசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா, கம்பளிச் சட்டையின் கைகளை இழுத்துவிட்டபடி, கண் எடுக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விட்ட இடைவெளியில் கேட்டார்.

"மிஸ், இதுல எங்க லயம் எங்கங்க இருக்கு?"

"எந்த லயம் அக்கா?" தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் அங்கே நிறைய உண்டு.

"பணிய லயங்க. கீழ் டிவிசன். காமாலை வந்தவங்க பூராவும் எங்க பக்கத்து ஆளுங்கதானே? நீங்க வட்டம் போட்டிருக்க எடத்துல ஃபெக்டரியும் ஒஃபீசுந்தான் இருக்கு. அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லையே."

பின்னால் இருந்தவர்கள், "ஆமாங்க மிஸ், ஆமாங்க" என்றார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த நிமிடம்தான் விளங்கியது. லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. கடிதம்கூடத் தோட்ட ஒஃபீசுக்குத்தான் வரும். ஆஸ்பத்திரித் தாளிலும் முகவரி என்றால் தோட்டத்தின் பெயர் மட்டும்தான். அந்தப் பெயரை நான் கணினியில் தட்டும்போதெல்லாம் புள்ளி ஒஃபீஸ் கட்டடத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் காட்டியது நோய் இருந்த இடத்தை அல்ல. கடிதம் வரும் இடத்தை.

தடுமாறிக்கொண்டே அடுத்த படத்துக்குத் தாவினேன். அது அதைவிட மோசம். கை கழுவும் பழக்கம் போதாது என்று நான் எழுதியிருந்ததை அந்த அக்கா எழுத்துக்கூட்டி வாசித்தார். கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எம்மக சுகாதாரப் பாடத்துல வகுப்புக்கே மொதலாவதுங்க மிஸ். தண்ணி கொதிக்க வைக்காட்டி என்னையே ஏசும். அதுதான் இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கு. மூணு மாசத்துல பரீட்சை."

அவருடைய மகள் பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். பத்து நாளாக டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்தாள். சாப்பாடு இறங்காமல், கண்ணெல்லாம் மஞ்சளாகி, புத்தகத்தைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் படம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு அவர்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். "அக்கா, எனக்கு உங்க தோட்டம் தெரியாது. நீங்களே வரைஞ்சு காட்டுங்க" என்றேன்.

மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் பெரிய டிமைத் தாள் நான்கைக் கொண்டுவந்து ஒட்டிக் கொடுத்தார். நான் பழக்கதோஷத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று ஆரம்பித்தேன். "வடக்கெல்லாம் வேணாங்க, தண்ணி வர்ற வழியப் போடுவோம்" என்றார் அக்கா. மலை உச்சியைத் தாளின் மேலே போட்டார்கள். அங்கிருந்து ஓடை, ஓடையிலிருந்து குழாய்கள், குழாய் போகும் லயங்கள். ஒருத்தி கோடு இழுப்பாள், இன்னொருத்தி "அங்கிட்டு இல்லடி, சவுக்கு மரத்துக்கு இங்கிட்டு" என்று திருத்துவாள். எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது. காலம் காலமாகத் தண்ணீர் தூக்குகிறவர்கள் அவர்கள்தானே!

வரைந்து முடிந்ததும் காமாலை வந்த வீடுகளைக் குறிக்க வேண்டும். நிறப் பேனை இல்லை. ஒருத்தி பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். ஆளுக்கொரு பொட்டு. பெயர் சொல்லச் சொல்ல ஒட்டினோம்.

பத்துப் பதினைந்து பொட்டு ஒட்டியதும் எல்லோரும் தாளின் மேல் குனிந்துவிட்டோம்.

கீழ் டிவிசனில் ஒரு இரட்டை லயம் உண்டு. ஒரே கூரை, நடுவில் ஒரு நெடுஞ்சுவர், முன்பக்கம் ஒரு வரிசைக் காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள், பின்பக்கம் ஒரு வரிசை. முன்வரிசை முழுவதும் பொட்டு. பின்வரிசையில் ஒன்றே ஒன்றைத் தவிர ஒன்றுமில்லை. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வாழும் சனங்கள். ஒரே வேலை, ஒரே சாப்பாடு, ஒரே கழிவறை. கை கழுவுவது முன்பக்கத்துக்கு ஒரு மாதிரியும் பின்பக்கத்துக்கு ஒரு மாதிரியுமா இருக்கும்?

"முன்பக்கத்துக்குப் புதுக் குழாய்" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். "பின்பக்கத்து ஆளுங்க இன்னமும் பழைய பீலிக்குத்தான் போறாங்க." பீலி என்றால் பாறை ஊற்றிலிருந்து விழும் தண்ணீரைப் பிடிக்கும் இடம்.

பொட்டுகள் அந்தப் புதுக் குழாயைப் பிடித்துக்கொண்டே போயின. முன்வரிசை, அதற்கப்பால் இன்னொரு சிறு லயம், அதற்கும் அப்பால் கணக்கப்பிள்ளையின் குவாட்டர்ஸ். அந்த வீட்டில் வடிகட்டி, குளியலறை எல்லாம் உண்டு. அங்கேயும் ஒரு பொட்டு.

"அப்ப பின்வரிசையில இந்த ஒண்ணு?" என்று கேட்டேன்.

"அது நம்ம பூசாரி அண்ணன் வீடுங்க. அவரு பகல் பூரா கோயில்லதானே. கோயில் குழாயும் இதேதான்."

அந்தப் பொட்டிலிருந்து கோயில் வரைக்கும், கோயிலிலிருந்து புதுக் குழாய் வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்தேன்.

மறுநாள் அக்கா வேலைக்குப் போகவில்லை. தாளைச் சுருட்டிப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். டொக்டரின் அறையில் அன்று மாதக் கூட்டம். சுகாதாரப் பரிசோதகர்களும் தோட்டத்து அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். முதலில் நான் எழுந்து, என் சிவப்பு வட்டம் பிழை, ஏன் பிழை என்று சொன்னேன். பிறகு தாளைச் சுவரில் ஒட்டினோம்.

தோட்டத்து அதிகாரி, "இதைக் கையால்தானே வரைந்திருக்கிறீர்கள்? அளவு ஒன்றும் இல்லையே" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா முன்னால் போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் டொக்டரிடமே பேச ஆரம்பித்துவிட்டார். சுவரின் இந்தப் பக்கம் இந்தத் தண்ணீர், அந்தப் பக்கம் அந்தத் தண்ணீர், இந்தப் பக்கம் மட்டும்தான் நோய் என்று விரலால் ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுக் காட்டினார். பூசாரி வீடு வரைக்கும் சொன்னார். இலக்கணம் எல்லாம் பிழைதான். விளங்காதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை.

டொக்டர் எழுந்து தாளுக்குப் பக்கத்தில் போனார். "இந்தக் குழாய் வரும் வழியை யாராவது நடந்து பார்த்தீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். பரிசோதகர்கள் இல்லையென்று தலையசைத்தார்கள். அவர் மேசையிலிருந்து ஜீப் சாவியை எடுத்தார்.

அன்று மத்தியானமே குழாய் வழியாக மலை ஏறினோம். அக்கா முன்னால், டொக்டரும் ஒரு பரிசோதகரும் பின்னால், கடைசியில் அட்டைக்கடியோடு நான். அந்த வருட மழையில் ஒரு இடத்தில் மண் சரிந்திருந்தது. குழாயும் மண்ணோடு இழுபட்டு, ஒரு பள்ளத்தில் புதைந்து கிடந்தது. மேலே இருந்த கழிவறைக் குழிகளிலிருந்து கசியும் தண்ணீர் வந்து தேங்குவதும் அதே பள்ளத்தில்தான். பரிசோதகர் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். குழாயின் பொருத்து வாய் பிளந்திருந்தது. மேலிருந்து வரும் ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததால் கீழே பிடித்துக் குடித்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. வீட்டில் கொதிக்க வைத்தாலும், பிள்ளைகள் விளையாடிவிட்டு வாய் வைத்துக் குடிப்பது குழாயில்தானே.

டொக்டர் அந்த இடத்திலேயே குழாயை மூடச் சொன்னார். அன்று பின்னேரமே பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகும் மூன்று வாரம் புது நோயாளிகள் வந்தார்கள். ஒவ்வொரு தாள் வரும்போதும் டொக்டரிடம் ஓடுவேன். மறுபடியும் பிழை விட்டுவிட்டோமோ? "இந்த நோய் உடம்புக்குள் போய் வெளியே தெரிய ஒரு மாதம் போல ஆகும், பொறு" என்று டொக்டர்தான் தைரியம் சொன்னார். நான்காவது வாரம் ஒருவர் மட்டும். ஐந்தாவது வாரம் ஒருவருமில்லை. ஆறாவது வாரமும் இல்லை. தாள் கட்டை மூன்று தரம் புரட்டிப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், "இல்லையாம்! ஒருத்தருக்கும் இல்லையாம்!" என்று கத்தினார். அந்த மலை முழுக்கப் பெண்கள் போட்ட கூச்சல் போனில் எனக்குக் கேட்டது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

பிளந்த குழாய்க்குப் பதிலாக வேறொரு குழாயைப் பள்ளத்தைத் தொடாமல் மலை முகட்டு வழியாக, தோட்டத்துச் சனங்களே கூலி வாங்காமல் சிரமதானம் செய்து போட்டார்கள். தோட்ட நிர்வாகம் பொருட்கள் கொடுத்தது. அளவில்லை என்று சொன்ன அதிகாரியே முன்னால் நின்று குழாய் தூக்கினார். அக்காவின் மகள் மெலிந்து போயிருந்தாலும் குறித்த நாளில் போய்ப் பரீட்சை எழுதினாள். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். சுகாதாரப் பாடத்தில் 'ஏ' எடுத்திருக்கிறாள் என்று சொல்வதற்காகவே அக்கா அலுவலகத்துக்கு வந்தார்.

இன்று அந்தத் தோட்டத்தில் லயத்துக்கு ஒரு எழுத்தும் காம்பராவுக்கு ஒரு இலக்கமும் பெயின்ற்றில் எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரித் தாளிலும் அந்த இலக்கத்தோடுதான் முகவரி வருகிறது. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இதே மாதிரி படம் வரைய டொக்டர் எங்களை அனுப்பினார். முதல் தோட்டத்துக்கு நான் போனபோது, அங்கிருந்த பெண்களுக்குப் படம் போடச் சொல்லிக் கொடுத்தது நானல்ல. அக்காதான். நான் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

இப்போது என் வரைபடங்கள் முன்னைவிட அழகாகவே வருகின்றன. என்றாலும் எந்தப் படத்தையும் முதலில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் நீட்டி, "இதில் உங்கள் வீடு எங்கே?" என்று கேட்கிறேன். அவர் தயங்காமல் விரலை வைத்துக் காட்டினால்தான் அந்தப் படத்தில் என் பெயரைப் போட எனக்கு மனம் வருகிறது.